நூற்று அறுபத்திரண்டாவது ஆட்டம்

கிளடிஸ் வாயை விட்டு மாட்டிக்கொண்ட கதை ஸ்காபரோவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்காக நாலு வரி.

மார்ச் கடைசியில் பேஸ்போல் சீசனின் முதல் ஆட்டம். ஒன்பது வருஷமாக அந்த ஆட்டத்துக்கு கிளடிஸும் அவள் தம்பி ஜூலியஸும்தான் சேர்ந்து போவார்கள். இந்த வருஷம் அன்று காலையில் ஜூலியஸ் போன் எடுத்து, "அக்கா, எனக்குக் காய்ச்சல். எழும்பேலாமல் கிடக்கு" என்றான். அவளும் நம்பினாள். கொத்தமல்லி அவித்துக் குடி என்று புத்தி சொல்லிவிட்டு, ரிக்கெற் இரண்டும் அவனிடம் இருந்ததால் வீட்டு ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாலாவது இன்னிங்ஸில் கமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. அங்கே ஜூலியஸ், கையில் ஹொட்டோக்குடன். பக்கத்தில், அவளுடைய இடத்தில், அவன் மகன் றொய்சனுக்குப் பெண் கொடுக்கப்போகும் றொனால்ட்.

கிளடிஸ் அந்த நிமிஷமே போன் எடுத்தாள்.

"இந்த ஜேஸ் முதலாவதா வரட்டும். அண்டைக்கு உன்ர வாசல்படி மிதிக்கிறன். அதுவரைக்கும் நீ ஆரோ, நான் ஆரோ. அந்தோனியார் மேல சத்தியம்."

ஜேஸ் அவர்கள் ஊர் பேஸ்போல் அணி; அதற்கு முந்தின வருஷம் தங்கள் பிரிவில் கடைசி. ஐந்து அணியில் ஐந்தாவது. காகம் வெள்ளையாகிற காலத்தில் பார்க்கலாம் என்ற கணக்கில் சொன்ன சொல் அது. அந்தக் காகம் ஜூலையில் வெளுக்கத் தொடங்கியது. ஜேஸ் மேலே ஏறியது, முதலாவதாக நின்றது, செப்டெம்பரில் வழுக்கியது. நியூயோர்க் பின்னால் ஓடிவந்து பிடித்துக்கொண்டது. நூற்று அறுபத்தொரு ஆட்டம் முடிந்தபோது இரண்டு அணியும் சரிக்குச் சரி. ஆனால் இரண்டும் தங்களுக்குள் ஆடியதில் ஜேஸ் கூட வென்றிருந்ததால், சமமாக முடிந்தால் முதலிடம் ஜேஸுக்குத்தான் என்பது விதி. இன்று, கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஜேஸ் வென்றால் போதும்.

இன்றைக்கே ஜூலியஸ் வீட்டில் றொய்சனின் கலியாணத்துக்குப் பலகாரச் சூடு, கலியாணப் பலகாரத்துக்கு முதன்முதல் எண்ணெய்ச் சட்டி வைக்கிற சடங்கு. அதிரசம் போன்ற அரியதரத்தில் முதலாவதை எண்ணெயில் விடவேண்டியவள் மாப்பிள்ளையின் மாமி, அதாவது தகப்பனின் சகோதரி. ஜூலியஸுக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா.

*

தேவாலயத்தில் காலைப் பூசையில் கிளடிஸ் இரண்டாம் வரிசையில் நின்றாள். அவளுக்கு நேர் பின்வரிசையில் ஜூலியஸ் குடும்பம். வேண்டுமென்று வந்து நின்றார்களா, இடம் இல்லாமல் நின்றார்களா என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்.

"ஒருவருக்கொருவர் சமாதானத்தைத் தெரிவித்துக்கொள்வோம்" என்றார் சாமியார்.

கிளடிஸ் இடப்பக்கம் கும்பிட்டாள். வலப்பக்கம் கும்பிட்டாள். முன்னால் நின்ற முகம் தெரியாத பிள்ளைக்கும் கும்பிட்டாள். பின்னால் மட்டும் திரும்பவில்லை. முதுகில் தம்பியின் பார்வை படுவது அவளுக்குத் தெரிந்தது. சத்தியம் சத்தியம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஜூலியஸின் மனைவி வேரோனிக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள், மூண்டு மணிக்கு அடுப்பு மூட்ட வேணும். நீங்கள் வராமல் எண்ணெய் வைக்கக் கூடாது எண்டு இவர் சொல்லிப்போட்டார். எட்டுப் பொம்பிளையள் வருகினம். நான் என்ன செய்ய?"

"மூண்டு மணிக்கு மச் தொடங்குது வேரோனிக்கா. வெண்டால் வாறன்."

"தோத்தால்?"

கிளடிஸ் கையை விடுவித்துக்கொண்டாள். அந்தக் கேள்வியோடுதான் அவள் மூன்று நாளாகப் படுத்து எழும்புகிறாள். தோற்றால் பலகாரச் சூடு இல்லை. பலகாரச் சூட்டுக்குப் போகாதவள் கலியாணத்தில் எந்த முகத்தோடு முன்வரிசையில் நிற்பது? றொய்சனை முதன்முதலில் குளிப்பாட்டியவள் அவள். அவன் மணவறைக்குப் போகும் நாளில் அவள் ரீவிக்கு முன்னால் இருக்க வேண்டியதுதான்.

திரும்பி உள்ளே போய் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். யோசித்துவிட்டு இன்னொன்றும் கொளுத்தினாள். முதலாவது ஜேஸ் அடிக்க, இரண்டாவது மற்றவன் அடிக்காமல் இருக்க.

*

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளடிஸ் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மடியில் பச்சை மட்டை சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். ஆர் அடித்தது, ஆர் அவுட், எந்த இன்னிங்ஸில் எத்தனை ஓட்டம், எல்லாம் பென்சிலில். தொண்ணூற்று மூன்றில் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நிலவறை வீட்டுப் பழைய ரீவியில் தெளிவாக விழுந்த ஒரே சானலில் இந்த விளையாட்டுத்தான் ஓடியது. அக்காவும் தம்பியும் அதைப் பார்த்துத்தான் இங்கிலிஷும் படித்தார்கள். அந்த வருஷம் ஜேஸ் உலகக் கோப்பை தூக்கியது. எல்லா வருஷமும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கிறார்கள்.

சோபாவின் மற்ற மூலையில் அவள் கணவர் அன்புராசா. கையில் தேத்தண்ணிக் கோப்பை. முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் பின்னேர ஷிவ்ற் செய்து, இந்த மார்ச்சில்தான் ஓய்வு பெற்றவர். 'கட்டையால அடிச்சுப்போட்டு ஓடுற விளையாட்டு' என்று முன்பெல்லாம் நக்கல் அடித்த மனிதர், இந்த சீசனில் ஒரு ஆட்டம் விடாமல் பக்கத்தில் இருக்கிறார். பொழுது போகவில்லை போலும் என்று கிளடிஸ் விட்டுவிட்டாள். ஒரே ஒரு குறைதான். அவள் ஜூலியஸைத் திட்டத் தொடங்கினால் உடனே தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்.

"நீங்கள் எழும்பக் கூடாது. உதில இருந்தால்தான் உவங்கள் அடிக்கிறாங்கள்" என்றாள் கிளடிஸ்.

"பாத்ரூம்?"

"இன்னிங்ஸ் மாறேக்க போங்கோ."

ஆட்டம் தொடங்கியது. தொடங்கிய கையோடு எதிரணி ஓர் ஓட்டம் எடுத்தது. கிளடிஸ் பென்சிலை அழுத்தியதில் முனை உடைந்தது. அன்புராசா பொக்கற்றிலிருந்து இன்னொரு பென்சிலை எடுத்து நீட்டினார்.

போன் அடித்தது. மகள் மெலனி. மில்லிக்கனில், மாமா வீட்டில் நிற்கிறாள். மாமா வீடு என்றால் மாமா வீட்டு கராஜில். வீட்டுக்குள் எண்ணெய்ச் சட்டி வைத்தால் புகை அலாரம் அலறும் என்று இங்கே பலகாரம் சுடுவது பெரும்பாலும் கராஜில்தான்.

"அம்மா, எல்லாரும் வந்தாச்சு. பொம்பிளை வீட்டாரும் வந்திட்டினம். ஜூலியஸ் மாமா காஸ் அடுப்புக்கு முன்னால பக்கெற்றைக் கவிட்டுப்போட்டு இருக்கிறார். ஒருத்தரையும் கிட்ட விடுறார் இல்லை. லைக், சிற்-டவுன் புரொட்டெஸ்ற்."

"விசரன்" என்றாள் கிளடிஸ். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். செல்லமாக வந்துவிட்டது.

"அரியதர மாவுக்கு ஒண்டும் ஆகாதாம். முறுக்கு மா காயுதாம். வேரோனிக்கா மாமி ஈரத் துணி போட்டு மூடியிருக்கிறா. அம்மா, நான் ஒரு திங் சொல்லட்டா? நீங்கள் வாசல்படிதானே மிதிக்க மாட்டன் எண்டு சொன்னீங்கள்? கராஜுக்கு வாசல்படியே இல்லை. ரெக்னிக்கலி..."

கிளடிஸ் ஒரு கணம் யோசித்தாள் என்பது உண்மை. கராஜின் சீமெந்துத் தரை அவள் கண்ணுக்குள் வந்தது. படி இல்லை, நிலை இல்லை, நேராக நடந்து உள்ளே போய்விடலாம். கை கைப்பையைத் தேடியது.

பிறகு காலையில் கொளுத்திய இரண்டு மெழுகுதிரியும் நினைவுக்கு வந்தன.

"அந்தோனியாரை ஏய்க்கச் சொல்லுறியோ? கராஜும் வீடும் அவருக்கு ஒண்டுதான். போனை வை."

வைத்த பிறகு கண்ணைத் துடைத்தாள். அன்புராசா கோப்பையைக் கொப்பியின் மூலையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"வெளிக்கிடு கிளடி. போவம். அந்தோனியாரிட்ட நான் கதைக்கிறன்."

"நீங்கள் ஏன் கதைக்கிறியள்? வாயை விட்டது நான்."

அவர் என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் ரீவியில் மட்டை பந்தில் படுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே போதும், கிளடிஸுக்குப் பார்க்கவே தேவையில்லை. பந்து உயரப் போனது, போய்க்கொண்டே இருந்தது, சுவருக்கு அப்பால் கூட்டத்துக்குள் விழுந்தது. ஹோம் ரன். பேஸில் ஏற்கெனவே ஓர் ஆள். ஜேஸுக்கு இரண்டு ஓட்டம்.

கிளடிஸ் எழும்பி நின்றுவிட்டாள். ஐம்பத்தாறு வயசு முழங்கால் இரண்டும் அதை மறந்துபோயின. மேல்மாடிக்காரர் தரையில் குதிப்பது கேட்டது. பக்கத்து அப்பார்ட்மென்றில் யாரோ சட்டியைத் தட்டினார்கள். அன்புராசாவும் எழும்பப் பார்த்தார்.

"நீங்கள் இருங்கோ" என்று அவர் தோளை அழுத்தி உட்கார்த்தினாள்.

போன் மறுபடி அடித்தது. அதன் பிறகு அது வைக்கப்படவே இல்லை. மெலனி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மில்லிக்கன் கராஜில் பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாத எட்டுப் பெண்கள், கையில் மாவோடு, ஒவ்வொரு பந்துக்கும் விளக்கம் கேட்டார்கள்.

"மச்சாள், உவங்கள் இன்னும் எத்தினை பேரை அவுட் ஆக்க வேணும்?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

"மொத்தம் இருபத்தேழு. பதினொண்டு முடிஞ்சுது."

"அடுத்த பந்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவம்" என்றது வேறொரு குரல். சொன்னார்கள். எதிரணி ஆள் மட்டையை வெறும் காற்றில் சுழற்றிவிட்டு வெளியே போனான். கராஜில் கைதட்டல். பிறகு ஒவ்வொரு பந்துக்கும் செபம் சொல்லத் தொடங்கினார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் ஒரு செபமாலையே முடிந்திருக்கும்.

ஜேஸும் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கொப்பியில் கிளடிஸ் எழுதுகிற பெட்டிகளில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினாள். ஆறு மாதம் அவள் ஏசிய பையன்கள், போன மாதம் வழுக்கி விழுந்து அவளுக்குப் பிரஷர் ஏற்றிய பையன்கள், இன்று ஒவ்வொருவனாக வந்து அடித்தார்கள். அவளுக்குத் தன் பிள்ளைகள் சோதனை பாஸ் பண்ணியது போலிருந்தது.

எட்டாவது இன்னிங்ஸில் மெலனி கேட்டாள்: "அம்மா, நாங்கள் அவ்வளவு தூரம் முன்னுக்கு நிக்கிறம். இப்ப வெளிக்கிட்டால் என்ன? இற்ஸ் ஓவர்."

"இருபத்தேழாவது ஆள் அவுட் ஆகுமட்டும் ஒண்டும் ஓவர் இல்லை. மாமாவிட்ட கேள்."

ஸ்பீக்கருக்குத் தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் காதில் விழுந்த தம்பியின் குரல்.

"அக்கா சொல்லுறது சரி."

கிளடிஸ் போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

கடைசிப் பந்து. கடைசி ஆள். அவுட். பதின்மூன்றுக்கு நாலு. நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் முடிந்து, போன வருஷம் கடைசியாக வந்த அணி முதலாவது. கிளடிஸ் இருபத்தேழாவது பெட்டியை நிரப்பி, அடியில் கோடு போட்டு, கொப்பியை மூடினாள். அதற்குள் அன்புராசா சப்பாத்துப் போட்டுக் கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு கதவில் நின்றார்.

*

மக்கோவன் வீதி முழுக்க ஹோர்ண் சத்தம். கார் ஜன்னல்களில் நீலக் கொடிகள். சிக்னலில் நின்ற பஸ் சாரதிகூட இரண்டு தரம் அடித்தார். கிளடிஸ் ஜன்னலைத் திறந்து யாரென்று தெரியாத சனத்துக்கெல்லாம் கை காட்டினாள். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் எங்கேயோ போய்விட்டது. அன்புராசா மட்டும் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ஓட்டினார்.

ஜூலியஸ் வீட்டு கராஜ் கதவு முழுதாகத் திறந்திருந்தது. பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கிளடிஸ் கராஜ் பக்கம் போகவில்லை. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். சொன்னது வாசல்படி. மிதிப்பதும் வாசல்படி.

கதவைத் திறந்துகொண்டு ஜூலியஸ் நின்றான். நீல ஜேர்சி. கண் இரண்டும் சிவந்திருந்தன. கிளடிஸ் வலது காலை எடுத்துப் படியில் வைத்தாள். பிறகு காலையில் கொடுக்காத கையை நீட்டினாள்.

"சமாதானம்" என்றாள்.

ஜூலியஸ் கையைப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் செய்வது போல அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான். "பதின்மூண்டு ரன் அக்கா" என்று மட்டும் சொன்னான். வேரோனிக்கா அழுதாள். பெண் வீட்டாருக்கு எதற்காக அழுகிறார்கள் என்று முழுக்க விளங்காவிட்டாலும் அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கராஜில் மாப்பிள்ளை றொய்சன் காஸைத் திறந்தான். எண்ணெய் காய்ந்ததும் கிளடிஸ் சிலுவை அடையாளம் வரைந்து, அரியதர மாவைத் தட்டி, மெதுவாக விட்டாள். அது அடியில் போய், ஒரு கணம் யோசித்து, பொங்கி மேலே வந்தது. கராஜ் முழுக்கக் கைதட்டல். பேஸ்போலுக்குத் தட்டிப் பழகிய கை.

முதல் அரியதரம் ஆறுமுன்பே அன்புராசா எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிளடிஸ் அகப்பையைப் பிடித்தபடி தம்பியைப் பார்த்தாள். இப்போது கேட்கலாம் என்று தோன்றியது.

"சரி, சொல்லு. அண்டைக்குக் காய்ச்சல் எண்டு ஏன் பொய் சொன்னனீ? என்னைவிட உனக்குச் சம்பந்தி பெரிசாப் போச்சோ?"

ஜூலியஸ் தலையைச் சொறிந்தான். றொனால்டைப் பார்த்தான். றொனால்ட் கராஜ் கூரையைப் பார்த்தார்.

"உன்ர சத்தியம் இண்டைக்கு முடிஞ்சுது அக்கா. என்ர சத்தியம் இன்னும் முடியேல்லை. வாயைத் திறக்க மாட்டன் எண்டு நான் ஒராளுக்குச் சத்தியம் பண்ணினனான். அதை எடுத்து விட வேண்டிய ஆள் அந்தா நிக்கிறார். வாயில அரியதரத்தோட."

எல்லோரும் திரும்பினார்கள். அன்புராசா கொதிக்கிற அரியதரத்தை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் நின்றார்.

"அத்தான், ஆறு மாசமா நான் ஏச்சு வாங்கினது காணும், இனி நீங்களே சொல்லுங்கோ" என்றான் ஜூலியஸ்.

"இஞ்சேருங்கோ" என்றாள் கிளடிஸ். "ஆறுதலா விழுங்குங்கோ. விழுங்கிப்போட்டுச் சொல்லுங்கோ."

அன்புராசா விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டாலா, வேறெதாலா என்று சொல்வது கஷ்டம்.

"முப்பத்தொரு வருஷம் பின்னேர ஷிவ்ற். நீ மச் பாக்கேக்க நான் மெஷினுக்கு முன்னால. வீட்டை வரேக்க நீ நித்திரை. மார்ச்சில ரிட்டயர் ஆகினன். முதல் மச்சை வீட்டில உன்னோட ஒண்டா இருந்து பாக்க வேணும் எண்டு ஒரு ஆசை. ரிக்கெற் ரெண்டு. ரெண்டும் உனக்கும் தம்பிக்கும். போகாமல் என்னோட இரு எண்டு கேட்டால் நீ சிரிப்பாய். அதுதான் ஜூலியஸைக் காய்ச்சல் எண்டு சொல்லச் சொன்னன். இந்தக் கமராக்காரன் உப்பிடிச் செய்வான் எண்டு ஆர் கண்டது?"

கிளடிஸ் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

"பயம்" என்றார் அன்புராசா. "நீ அந்தோனியாரையே இழுத்துப்போட்டாய். ஜேஸ் வெண்டால்தான் வழி. அதுக்கு நான் செய்யக் கூடியது பக்கத்தில இருக்கிறது மட்டும்தான்."

கிளடிஸ் கொப்பியைத் திறந்தாள். திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டுதான் திறந்தாள். முதல் பக்கத்தின் மூலையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வட்டக் கறை. அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்ததிலும். நூற்று அறுபத்திரண்டு பக்கம், நூற்று அறுபத்திரண்டு வட்டம். கொப்பியைப் பழுதாக்குகிறார் என்று அவள் எத்தனை தரம் ஏசியிருப்பாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க முடியவில்லை.

"விசர் மனிசன்" என்றாள். அன்று காலையிலிருந்து அவள் சொன்ன சொற்களில் அதுதான் மிக அன்பானது.

அப்போதுதான் றொய்சன் தன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமி, கிடைச்சிட்டுது. சனிக்கிழமை கோப்பைக்கான பிளேஓவ் முதல் மச். ஹோம் கேம். எத்தினை பேர் லைன்ல நிண்டு கிடைக்கேல்லை தெரியுமோ? நான் வாங்கிட்டன். மாமி, உங்களுக்குத்தான்."

"எத்தினை ரிக்கெற்?" என்று கேட்டாள் கிளடிஸ்.

"ரெண்டு."

கிளடிஸ் வலப்பக்கம் பார்த்தாள். நீல ஜேர்சியோடு தம்பி. இடப்பக்கம் பார்த்தாள். உதட்டில் அரியதரத் தூளோடு கணவர்.

"அப்ப சனிக்கிழமை என்னோட ஆர் வாறது?"

"நான்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

சட்டியில் இரண்டாவது அரியதரம் கருகிக்கொண்டிருந்தது. எட்டுப் பெண்களில் ஒருத்திகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.